அனுமந்தைக்கு முளைத்த மண்டை

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். கைப்பேசியில் வழி சொன்ன ஆங்கிலக் குரல், அடுத்து வரும் அனுமந்தை டோல்கேட்டை 'அனுமண்டை' என்றது. டிரைவர் சிரித்துவிட்டார்.

அந்தக் குரலைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 'டி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை 'த'வுக்கும் 'ட'வுக்கும் சேர்த்து மாரடிக்க விட்டது நாம்தான். திண்டுக்கல்லின் ஆங்கில எழுத்தைப் பாருங்கள்: முதல் 'டி' தகரம், அடுத்த 'டி' டகரம். உள்ளூர்க்காரனுக்குத் தெரியும்; லண்டன்காரனுக்கு எப்படித் தெரியும்? ழகரம் அவன் வாயிலேயே இல்லை, விழுப்புரம் வில்லுபுரம் ஆகிவிடுகிறது.

வேற்றுமொழிப் பெயரைத் தன் நாக்குக்கு வளைப்பது எல்லாரும் செய்வதுதான். வடசொல்லைத் தமிழ் எழுத்துக்கு மாற்றிக்கொள்ளத் தொல்காப்பியமே வழி வகுத்திருக்கிறது. மரக்காணம் வரை வரும் பக்கிங்காம் கால்வாயையே எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயர் கடைசி அசையை விழுங்கிவிடுவார்கள். நாம் 'காம்' என்று நீட்டி முழக்குகிறோம்.

இந்த வளைப்பால் லாபமும் உண்டு. முதலாம் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ் 'சோபட்மா' என்றொரு துறைமுகத்தைச் சொல்கிறது. அது மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மாலுமி காதில் விழுந்தபடி எழுதியதால்தான் இன்று அதில் ஒரு 'பட்டினம்' கேட்கிறது.

வளைத்த பெயர் அதிகாரத்தோடு திரும்பி வரும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. கூடலூரை ஆங்கிலேயர் 'கடலோர்' ஆக்கினார்கள். நாம் அதைக் கடலூர் என்று திருப்பி வாங்கிக்கொண்டோம். பக்கத்திலேயே கடல் இருப்பதால் இழந்ததே தெரியவில்லை. நானே வெகுநாள் அதைக் கடலால் வந்த பெயர் என்றுதான் நினைத்திருந்தேன்.

2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றியது. நோக்கம் சரிதான், கைதான் பிசகியது. வேலூரின் நெடிலுக்கு இரண்டு 'இ' போட்டார்கள். படித்தவர்களுக்கு 'வீலூர்' என்று வந்தது. கேலி கிளம்ப, சில நாளிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. இருபத்தாறு எழுத்துக்குள் தமிழை அடைக்கப் பார்ப்பதைவிட, வழிகாட்டும் குரலுக்குத் தமிழ்ப் பலகையைப் படிக்கக் கற்றுக்கொடுப்பது சுலபம்.

அப்போதும் முழுதாகப் பொருந்தாது. திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் கத்தினார்: "அனுமந்தெ எறங்கு!" எங்கே போயிற்று அந்த 'ஐ'? நம் இலக்கணம் அதை ஐகாரக் குறுக்கம் என்று மன்னித்துவிடும்.