முதுமையில் படிக்கும் பரமார்த்த குரு

பிள்ளைப் பருவத்தில் படித்த கதைநூலைத் தலை நரைத்த பின்னும் எடுத்து வைத்துப் படிப்போரைக் கண்டு நகைப்பார் உளர். மேல் வகுப்பிற்குச் சென்றவன் மீண்டும் கீழ் வகுப்பில் வந்து அமரலாமோ என்பது அவர்தம் கேள்வி. ஆசிரியர்களிடையேயும் இவ்வெண்ணம் ஊன்றியிருக்கிறது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், மூன்றாம் ஆண்டில் படித்து மகிழ்ந்த கதைப் புத்தகத்தை மறுபடியும் எடுத்தால், அஃது அவனுக்கு உரியதன்று என்று சொல்லி வாங்கி அடுக்கில் வைத்துவிடுகின்றனர். நோக்கம் நன்றே. ஆயின் அப்புத்தகத்தில் அம்மாணவன் எதைத் தேடினான் என்று கேட்பார் அரியர்.

நோயுற்றுப் படுத்திருக்கும்போதும், உற்றாரை இழந்த நாட்களிலும் மனம் புதிய நூலை விரும்புவதில்லை. முடிவு தெரிந்த கதையையே நாடுகிறது. புதிய நூல் படிப்பவனைச் சும்மா இருக்க விடாது. யாரை நம்பலாம், யார் கெடுவார், யார் பிழைப்பார் என்ற அச்சத்தை எழுப்பிக்கொண்டே இருக்கும். அறிந்த நூலில் அவ்வச்சம் இல்லை. இக்காரணம் உண்மையே, ஆயினும் போதாது. முடிவு தெரிந்திருத்தல் ஒன்றே ஆறுதல் தருமாயின், மனப்பாடம் செய்த பெருக்கல் வாய்பாடும் ஆறுதல் தரல் வேண்டும். துயர் வந்த வேளையில் வாய்பாட்டை நாடியவர் எவரும் இலர். ஆகவே சில நூல்களில் மட்டும் வேறொன்று இருத்தல் வேண்டும். அது யாது என்பதைப் பரமார்த்த குரு கதையை வைத்துப் பார்ப்பது தகும். தமிழ்ப் பிள்ளைகள் பல தலைமுறையாகச் சிரித்துப் படித்த நூல் அது.

முதலில் ஒன்று சொல்லிவிடல் வேண்டும். இந்நூல் பிள்ளைகளுக்காக எழுதப்பட்டதன்று. இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்து, சேசு சபைத் துறவியாகத் தமிழகம் வந்து, 1747இல் மறைந்த வீரமாமுனிவர் இதன் ஆசிரியர். தேம்பாவணியின் 3,615 பாடல்களைப் பாடிய அதே கை, தமிழ் கற்க வந்த மேனாட்டுத் துறவியர் பேச்சு வழக்கைப் பயிலுதற்பொருட்டு இவ்வுரைநடைக் கதையை வரைந்தது. இதற்கு இலத்தீன் மொழிபெயர்ப்பும் அவரே எழுதினார். பின்னர் 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் என்பார் தமிழ் மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் ஒருங்கே இலண்டனில் அச்சிட்டார். வளர்ந்தோர் மொழி பயிலும் நூலாகத் தோன்றிப் பிற்காலத்திலேதான் அது பிள்ளைகள் கைக்கு வந்தது. எனவே நரைத்த தலையர் ஒருவர் அதனை எடுத்துப் படித்தால் கீழ் வகுப்பிற்கு இறங்கினார் என்பது பொருந்தாது. நூல் தொடக்கத்தில் இருந்த இடத்திற்கே அவர் வந்து சேர்கிறார்.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் எனச் சீடர் ஐவர். அவர்க்கேற்ற குரு ஒருவர். ஆறு உறங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கின்றனர். சுர்ரென்ற ஒலி எழவே, ஆறு விழித்திருக்கிறது என அஞ்சி விலகுகின்றனர். பின்னர் அவிந்துபோன அதே கட்டையைத் தோய்க்க ஒலியில்லை. ஆறு உறங்கிற்று எனத் துணிந்து கடக்கின்றனர். கரையேறித் தம்மை எண்ணும்போது, எண்ணுபவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐவரே தேறுகின்றனர். ஒருவனை ஆறு கொண்டுபோயிற்று என்று புலம்புகின்றனர். பூசணிக்காயைக் குதிரை முட்டை என விலை கொடுத்து வாங்குகின்றனர். அது விழுந்து உடைய, அருகிருந்து பாய்ந்தோடிய முயலைக் குதிரைக் குட்டி எனத் துரத்துகின்றனர். எட்டு வயதுப் பிள்ளை இவற்றில் பெறும் இன்பம் தெளிவானது. நாள் முழுதும் பெரியோரால் திருத்தப்படும் பிள்ளைக்கு, தான் திருத்தக்கூடிய பெரியோர் அறுவர் ஒரே இடத்தில் கிடைக்கின்றனர்! வகுப்பில் இக்கதையைச் சொல்லிப் பழகிய ஆசிரியர், எண்ணும் இடம் வந்ததும் பிள்ளைகள் பொறுக்கமாட்டாமல் விடையைக் கூவுவதைக் கேட்டிருப்பர்.

நாற்பது ஆண்டு கழித்து அதே பக்கத்தைப் புரட்டுபவர்க்கும் சிரிப்பு வராமல் இராது. ஆனால் கண் வேறிடத்தில் நிற்கிறது. குறைந்தவன் யார் என்பது அவ்வறுவர்க்கும் தெரியாது. தெரியாமலே அழுகின்றனர். காணாமற்போனவனும் அக்கூட்டத்தில் நின்று, தனக்காகவே அழுகிறோம் என்பதை அறியாமல் அழுதுகொண்டிருக்கிறான். வழிப்போக்கன் ஒருவன் பணம் பேசிக்கொண்டு ஒவ்வொருவர் முதுகிலும் அடித்து எண்ணிக் காட்டுகிறான். ஏமாற்றுத்தான். ஆயினும் போனவன் மீண்டான் என்ற மகிழ்ச்சியின் முன்னே, பட்ட அடியும் கொடுத்த பணமும் அவர்களுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. மெய்யாகவே ஒருவரை இழந்து, வீட்டாரை எண்ணும்போதெல்லாம் ஒன்று குறையக் காணும் வயதில் இப்பகுதியைப் படிப்பவர்க்கு, அது முன்போல் வெறும் வேடிக்கையாக இராது.

இவ்வகைக் கதை தமிழுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் கோத்தம் ஊராரைப் பற்றி வழங்கும் பழங்கதைகளில், மீன்பிடிக்கச் சென்ற பன்னிருவர் தம்மை விட்டு எண்ணிக் கலங்கும் கதையும் உண்டு. செர்மனியில் சில்டா என்னும் ஊரார் இவ்வாறே ஏளனத்திற்கு ஆளாயினர். மேனாட்டில் வழங்கிய கதைகளையும் இங்கு வாய்மொழியாய் உலவிய கதைகளையும் முனிவர் எவ்வளவில் கலந்தார் என்பது தனி ஆராய்ச்சி. திறனாய்வுக்கு வேண்டுவது வேறுபாடே. கோத்தத்தில் இருப்பது ஓர் ஊர். அறிவிலார் பலர் கூடியிருக்கின்றனர், அவ்வளவே. தமிழ்க் கதையில் குருவும் சீடரும் என்ற உறவு இருக்கிறது. நூலைத் தாங்குவது இவ்வுறவே. இத்தனை பிழைகளுக்குப் பின்னும் குரு ஒரு சீடனையும் விலக்கவில்லை. இத்தனை இழப்புகளுக்குப் பின்னும் ஒரு சீடனும் குருவை விட்டுப் போகவில்லை. பிழை செய்தவன் கைவிடப்படாத ஓர் உலகம் இந்நூலுக்குள் இருக்கிறது. பிள்ளை அதைக் கவனிப்பதில்லை. ஆனால் அதற்குள்ளேயே அமர்ந்து சிரிக்கிறது. வளர்ந்தவர் திரும்பி வருவது அவ்விடத்திற்கே.

குதிரைப் பயணத்தை எடுத்துக்கொள்க. குருவின் தலைப்பாகை கீழே விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர் விட்டு வருகின்றனர். இனி விழுவதையெல்லாம் எடுங்கள் என்று குரு கடிந்தபின், குதிரையின் சாணத்தையும் பத்திரமாக ஏந்தி வருகின்றனர். வெறுப்புற்ற குரு, எடுக்கத்தக்க பொருள்களை ஓலையில் எழுதிக் கொடுக்கிறார். பின்னர் அவரே பள்ளத்தில் விழுகிறார். சீடர் ஓலையைப் படித்து ஆடைகளை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்கின்றனர். குருவின் பெயர் ஓலையில் இல்லை. உடையிழந்து கிடந்தவர் தம் பெயரையும் எழுதிச் சேர்த்த பின்னரே தூக்கப்படுகிறார். சட்டத்தின் எழுத்தைப் பற்றி நின்று அதன் பொருளை விட்டுவிடும் மாந்தரைக் காட்ட இதனினும் சிறந்த கதை வேண்டுவதில்லை; அலுவலகப் படிவங்களோடு போராடியவர் இதை உடனே உணர்வர். அதனினும் நுட்பமானது, சீடர் செயலில் தீமை சிறிதும் இல்லாமை. சொன்னபடி செய்யவேண்டும் என்ற பணிவே அவர்களை இவ்வாறு ஆட்டுகிறது. குருவும் அதனை அறிவார். பெயர் எழுதப்பட்டவுடன் பழையபடி பயணம் தொடர்கிறது.

சமயக் குருமாரை இழிவுபடுத்தவே முனிவர் இதனை எழுதினார் என்று குறை கூறுவோர் உண்டு. அந்நோக்கம் அறவே இல்லை என்று சாதிப்பது எளிதன்று. ஆயின் நூல் ஆசிரியரின் நோக்கத்தோடு நின்றுவிடவில்லை. நகைப்பிற்கு உரியராக அவர் படைத்த குருவைப் படித்தோர் அன்புக்குரியராக ஏற்றுக்கொண்டனர். இன்னொன்றும் எண்ணத்தக்கது. மிலேச்சன் என்பது அயல்நாட்டானைக் குறிக்கும் இழிசொல். மூடர் ஐவருள் ஒருவனுக்கு அப்பெயரை இட்டவர் தாமே அயல்நாட்டார். பிறரை மட்டும் நகையாடும் உள்ளம் இவ்வாறு செய்யுமா என்பது ஐயமே.

இந்நாட்டுத் தமிழர்க்கு இதில் தனிப்பட்ட தொடர்பு ஒன்று உண்டு. பிறந்து வளர்ந்த ஊருக்குத் திரும்பிச் சென்று, தாம் படித்த பள்ளியையும் விளையாடிய திடலையும் காண்பது பிறர்க்கு இயலும். தோட்டத்தில் வளர்ந்தோர் பலர்க்கு அது வாய்க்கவில்லை. தோட்டத் துண்டாடலால் குடும்பங்கள் சிதறின. அதற்கு மாற்றாகத் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர்ப் பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை வந்தது. லயத்து வீடுகள் இருந்த இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. பள்ளிகளிற் பல வேறிடம் பெயர்ந்தன. மண்ணெண்ணெய் விளக்கின் அருகே யாரோ ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றியிருந்தோர் கேட்ட கதை மட்டும் இடம் மாறவில்லை. அத்தகையோர் பரமார்த்த குருவை மீண்டும் எடுப்பதைப் பிள்ளைத்தனம் என்பார், அவர்க்குத் திரும்பிச் செல்ல வேறு வாயில் எது என்பதையும் சொல்லல் வேண்டும்.

இந்நிலையில் இளையோர்க்கெனச் சுருக்கி வெளியிடப்படும் பதிப்புகள் சிலவற்றைக் காணுமிடத்து மனம் நோகிறது. கதைதோறும் இறுதியில் ஒரு நீதி ஒட்டப்பட்டிருக்கிறது. முட்டாளோடு சேராதே என்ற பொருள்பட நீதி எழுதிவிட்டால், நூலின் உயிரான உறவே அறுந்துபோகிறது. அதனினும் பெருங்குறை, குருவின் இறப்பை விட்டுவிடுதல். பிள்ளைகள் வருந்துவர் என்ற அச்சம் போலும். மூலத்தில் குரு இறக்கிறார். உட்காருமிடம் குளிர்ந்தால் உயிர் போகும் என்று முன்பு ஒருவன் சொன்னதை அவரும் நம்பினார், சீடரும் நம்பினர். குதிரையிலிருந்து ஈரத்தில் விழுந்தவர்க்குக் குளிர் தட்டவே, காலம் வந்தது என்று மயங்குகிறார். இறந்தார் எனத் துணிந்த சீடர், முறைப்படி அவரை நீரில் இட்டுக் குளிப்பாட்டுகின்றனர்; அந்நீரிலேயே உயிர் பிரிகிறது. குறையின்றிச் சடங்கு செய்யவேண்டும் என்ற அன்பே அவரைக் கொன்றது. எட்டு வயதில் இதற்கும் பிள்ளை சிரிக்கும். அதனால் கேடொன்றும் இல்லை. அறுபதில் படிப்பவர் இவ்விடத்தில் சிரித்துக்கொண்டே சற்று நிற்பார். கடைசிக் கதையை வெட்டிய பதிப்பைப் படித்து வளரும் பிள்ளைக்கு, பின்னாளில் நிற்பதற்கு அவ்விடம் இராது. பள்ளி நூலகத்திற்கு இந்நூலை வாங்கும் தமிழாசிரியர், விலையைப் பார்க்குமுன் இறுதிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து வாங்குதல் நலம்.