குடைக் கம்பி அச்சு, பாட்டாச் சில்லு: பிள்ளைகளின் கைவேலையை எப்படி ரசிப்பது?

நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் மழை பிடித்தால் லேசில் விடாது. மலையை மூடுபனி மறைத்துவிடும். கொடியில் போட்ட துணி நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். பாடசாலை விட்டு வந்த பிள்ளைகள் இஸ்தோப்பைத் தாண்டி இறங்க வழியில்லை. வீட்டுப் பழைய சாமான்களுக்கு மதிப்பு வருவது அந்த நாட்களில்தான். காலியான மீன் டின், தீப்பெட்டி, பால்மாப் பெட்டி, சோடா மூடி, காற்றில் முறிந்த குடையின் கம்பி, வார் அறுந்த பாட்டாச் செருப்பு, அரிசிச் சாக்கிலிருந்து உருவிய நூல், கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து விறகுக்குக் கட்டி வந்த மிலாறு. பொழுது சாய்வதற்குள் இவையெல்லாம் லொறியாகவும் வீடாகவும் கோயில் தேராகவும் ஆகிவிடும்.

செய்து முடித்ததும் பிள்ளை அதை யாரிடமாவது காட்ட வரும். நாம் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, "நல்லாருக்கு, அங்க வை" என்று சொல்லிவிடுகிறோம். அன்பு இல்லாமல் சொல்வதில்லை. அதில் எதைப் பார்ப்பது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். கைவேலை செய்யக் கற்றுத்தரும் புத்தகங்கள் நிறைய உண்டு; செய்ததைப் பார்க்கக் கற்றுத்தருபவை குறைவு. பார்க்கப் பழகிக்கொண்டால், ஒரு மீன் டின் வண்டியை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் பேச விஷயம் இருக்கிறது. அதற்குச் சில வழிகளைச் சொல்கிறேன்.

பழைய பொருள் எங்கே தெரிகிறது?

கையில் வாங்கியதும், இது முன்னர் என்னவாக இருந்தது என்று பாருங்கள். பால்மாப் பெட்டியில் செய்த பஸ்ஸின் பக்கத்தில் பெட்டியின் எழுத்தும் படமும் அப்படியே இருக்கலாம். பஸ் என்றால் பக்கத்தில் விளம்பரம் இருக்கத்தானே வேண்டும் என்று பிள்ளை வேண்டுமென்றே விட்டிருக்கும். பெட்டியின் மடிப்பு எந்த இடத்தில் வருகிறது, அதன் மூடி எதற்குப் பயன்பட்டிருக்கிறது, கத்தரிக்கோல் எங்கே பட்டிருக்கிறது, எங்கே படவில்லை என்று கவனியுங்கள். கைதேர்ந்த பிள்ளை குறைவாகத்தான் வெட்டும். பெட்டிக்கு ஏற்கெனவே உள்ள மூலையையும் மடிப்பையும் தன் வேலைக்கு எடுத்துக்கொள்ளும்.

இதே கலையைப் பெரிய அளவில் பார்க்கக் கந்தப்பளைக்காரர்கள் தூரம் போக வேண்டியதில்லை. இயங்காமல் நின்றுபோன ஹெதர்செட் தேயிலை ஸ்டோர் 1996இல் ஹோட்டலாகியது. கொழுந்து வாட்டிய மாடிகளே இப்போது விருந்தினர் அறைகள். பழைய இயந்திரங்களை அகற்றாமல் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை சின்ன ரயில் ஓடியது ஒரு காலம். 1940களில் அது நின்றுபோனது. அந்த வகைக் குறுகிய பாதை ரயில் பெட்டியொன்று இன்று அதே ஹோட்டலில் சாப்பாட்டு அறையாக நிற்கிறது. முன்னர் என்னவாக இருந்தது என்பது மறையாமல் இருப்பதுதான் அந்தக் கட்டடத்தின் அழகு. பால்மாப் பெட்டி பஸ்ஸிலும் அதே அழகு உண்டு.

சைமன் நிக்கல்சன் என்ற ஆங்கிலக் கலைஞர் 1971இல் எழுதிய கட்டுரையில் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஓர் இடத்தில் எடுக்கவும் மாற்றவும் சேர்க்கவும் கூடிய பொருட்கள் எத்தனை வகையாக இருக்கின்றனவோ, அந்த அளவுக்கு அங்கே கண்டுபிடிப்பும் நடக்கும். அந்தக் கணக்கில் நம் வீடுகள் பின்தங்கியவை அல்ல. வண்ணப் பெட்டிக்கும் வரைதல் தாளுக்கும் இந்தப் பழைய சாமான்கள் ஈடாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அவையும் வேண்டும், இவையும் வேண்டும்.

கவிழ்த்துப் பாருங்கள்

படுக்க வைத்த மீன் டின்னுக்கு நான்கு சில்லுப் பூட்டினால் பௌசர். மேலே பார்த்தால் பௌசரின் உருவம் தெரியும். பிள்ளையின் யோசனை தெரிய வேண்டுமென்றால் கவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

பழைய பாட்டாவின் மேல் சோடா மூடியை வைத்துக் கோடு கீறி, வட்டமாக வெட்டி எடுத்ததுதான் சில்லு. குடைக் கம்பிதான் அச்சு. முதல் தடவை பூட்டும்போது சில்லு டின்னில் உரசி நின்றுவிடும். அப்போது பிள்ளைகள் கண்டுபிடிக்கும் வழி ஒன்று உண்டு. எழுதி முடிந்த பேனையின் குழாயைச் சிறு துண்டுகளாக நறுக்கி, சில்லுக்கும் டின்னுக்கும் நடுவில் கம்பியில் கோத்துவிடுவார்கள். சில்லு டின்னை விட்டு விலகி நிற்கும், தடையில்லாமல் சுற்றும். விரல் நகத்தளவு கூட இல்லாத அந்தப் பேனைக் குழாய்த் துண்டைத்தான் முழு பௌசரிலும் முதலில் பாராட்ட வேண்டும். உராய்வு என்ற சொல்லை விஞ்ஞானப் பாடத்தில் படிக்கும் முன்னரே அந்தக் கை அதைத் தெரிந்துகொண்டுவிட்டது.

பிறகு அச்சின் நுனியைப் பாருங்கள். சில்லு கழன்று போகாமல் கம்பியை வளைத்திருக்கிறார்களா, சிறு இறப்பர்த் துண்டைக் குத்தி நிறுத்தியிருக்கிறார்களா? இழுக்கும் நூல் எங்கே கட்டப்பட்டிருக்கிறது? டின்னில் கட்டினால் வண்டி நேராகப் போகும், அவ்வளவே. முன் அச்சின் இரு நுனியிலும் கட்டி, அந்த அச்சும் இடம்வலம் அசைய விட்டிருந்தால், வளைவில் திருப்பலாம். கந்தப்பளை, இராகலை பாதையின் வளைவுகளில் பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்கு வண்டி திரும்ப வேண்டும் என்பது தெரியாதா என்ன!

ஒட்டிய இடங்களுக்கும் ஒரு கதை உண்டு. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் கிண்டி எடுத்த பசை, இந்த ஊர் ஈரத்தில் சட்டென்று காயாது. காயும் வரை யாராவது பிடித்திருக்க வேண்டும். பிள்ளை என்ன செய்திருக்கிறது? துணிக் கிளிப் போட்டிருக்கிறதா, நூலால் சுற்றியிருக்கிறதா, அடுப்போரம் வைத்து எடுத்ததா? சில பிள்ளைகள் பசையையே விட்டுவிட்டு, அட்டையில் நாக்குப்போல வெட்டி மறு அட்டையின் கீறலுக்குள் செருகிவிடுவார்கள். மழை ஊருக்கு அதுதான் சரியான பொருத்து.

சதுரம் சாயும், முக்கோணம் நிற்கும்

மே மாதம் வெசாக் வந்தால், சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து நம் பிள்ளைகளும் விளக்குக் கூடு கட்டுவார்கள். மூங்கில் சிம்பு, நூல், டிஷ்யூ கடதாசி, மாப்பசை. எட்டுப் பட்டைக் கூட்டை ரசிக்க இரண்டு தடவை போக வேண்டும். கடதாசி ஒட்டுவதற்கு முன் பகலில் ஒருமுறை போய், வெறும் சட்டகத்தைப் பாருங்கள். சிம்புகள் ஒரே நீளமா, முடிச்சுகள் ஒரே இறுக்கமா என்று பாருங்கள். ஒரு சிம்பு அரை அங்குலம் கூடினாலும் கூடு முழுவதும் முறுக்கிக்கொள்ளும். விளக்கு ஏற்றியபின் மறுபடி போங்கள். கடதாசி இரண்டு மடிப்பாக ஒட்டிய ஓரங்களில் நிறம் அழுத்தமாகத் தெரியும். ஒட்டியவர் அதையும் நினைத்து ஒட்டியிருந்தால், அந்த ஓரமே கோலமாகிவிடும்.

சட்டகம் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நான்கு குச்சிகளை மூலைக்கு மூலை கட்டினால் சதுரம் வரும். ஆனால் லேசாக அழுத்தினால் சாய்ந்துவிடும். மூன்று குச்சி முக்கோணம் சாயாது. இந்த உண்மையைத் தீக்குச்சியை வைத்தே இந்தியப் பிள்ளைகளுக்குக் காட்டியவர் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐஐடியில் படித்த பொறியியலாளர். 1978இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனவர், சைக்கிள் வால்வு டியூப்பைத் துண்டாக்கி அதைப் பொருத்தாக வைத்துத் தீக்குச்சிகளை இணைத்துக் காட்டினார். வீட்டில் தூக்கி எறிவதிலிருந்து விஞ்ஞானப் பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்ட அவருக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஆகவே மிலாறில் கட்டிய ஒரு சின்ன வீட்டின் சுவரில் குறுக்கே ஒரு குச்சி போயிருந்தால், அதை அலங்காரம் என்று நினைத்துக் கடந்து போகாதீர்கள். வீடு சாயப் பார்த்திருக்கிறது. பிள்ளை யோசித்து அதை நிறுத்தியிருக்கிறது.

இயக்கிப் பாருங்கள்

சில கைவேலைகள் மேசையில் இருக்கும்போது ஒன்றுமே இல்லை. இயங்கும்போதுதான் அவற்றுக்கு உயிர் வரும். பழைய குளிர்க் கோட்டில் இருந்து கழன்ற பெரிய பொத்தானை எடுத்து, எதிரெதிர்த் துளைகள் இரண்டில் கைவிரிப்பு நீள நூலைக் கோத்து முடிச்சுப் போடுங்கள். நடுவில் பொத்தான், இரு கைகளிலும் நூலின் வளையங்கள். பொத்தானை வீசிச் சுற்றி நூலை முறுக்கேற்றிவிட்டு, இழுத்து விடுங்கள். முறுக்கு அவிழும், பொத்தான் சுழலும், சுழன்ற வேகத்தில் நூலை மறுபக்கம் முறுக்கும். மறுபடி இழுத்தால் மறுபடி அவிழும். எங்கே இழுப்பது, எங்கே தளர்த்துவது என்று பிடிபட்டதும் வண்டு பறப்பதுபோல் ரீங்காரம் கேட்கும். பெரியவர்கள் பலர் இழுத்துக்கொண்டே இருப்பார்கள், பொத்தான் நின்றுவிடும். தளர்த்துவதிலும் பாதி வேலை இருக்கிறது என்பதைப் பிள்ளையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

உலகமெங்கும் பிள்ளைகள் விளையாடிய இந்தச் சுழலியை, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷின் குழு ஆராய்ந்து, கடதாசியில் ஓர் இரத்தப் பரிசோதனைக் கருவியாக்கி 2017இல் வெளியிட்டது. நிமிடத்துக்கு 1,25,000 சுற்று. எடை 2 கிராம், செலவு 20 அமெரிக்க சதம். மின்சாரம் இல்லாத ஊரிலும் ஒன்றரை நிமிடத்தில் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துவிடும். பிள்ளையின் கையிலிருக்கும் பொத்தானும் நூலும் வேலை செய்வது அதே விதிப்படிதான்.

எதைப்போல இருக்கிறது என்று தேடாதீர்கள்

கடைப் பொம்மை லொறியோடு ஒப்பிட்டால் டின் லொறி தோற்றுத்தான் போகும். அந்தப் போட்டி தேவையே இல்லை. குறுந்தொகையின் 61ஆம் பாட்டில், தச்சன் செய்த சிறு தேரில் ஏறிப் போக முடியாவிட்டாலும் அதைக் கையால் இழுத்தே மகிழும் சிறுவர்கள் உவமையாக வருகிறார்கள். சங்ககாலத்திலேயே நம்மவர்கள் கண்டுகொண்ட உண்மை அது. பொம்மையின் இன்பம் இழுக்கும் கையில் இருக்கிறது.

உருவம் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பதற்குப் பதிலாக, பிள்ளை எதைப் பெரிதாக்கியிருக்கிறது என்று பாருங்கள். கொழுந்து லொறிக்கு முகப்பு விளக்கு மறந்திருக்கலாம், ஆனால் பின்னால் கொழுந்துச் சாக்குகள் வரிசையாக இருக்கும். மரக்கறி லொறியில் லீக்ஸும் கரட்டும் தனித்தனிக் கட்டாக ஏற்றப்பட்டிருக்கும். தேரில் கலசத்தை விட வடம் நீளமாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பிள்ளை வடம் பிடித்திருக்கிறது. ஆபிரிக்காவின் மலாவி நாட்டில் பிள்ளைகள் கம்பியை வளைத்துச் செய்யும் கார்களுக்கு கலிமோட்டோ என்று பெயர். அங்கேயும் ஒவ்வொரு வண்டியிலும் செய்த பிள்ளையின் ஊரைப் பார்க்கலாம்.

என்ன கேட்பது, என்ன சொல்லாமல் இருப்பது

"நல்லாருக்கு" என்பதோடு நிறுத்தாமல் மூன்று கேள்வி கேளுங்கள். "தம்பி, இதுல எது கஷ்டமா இருந்திச்சு?" "முதல்ல வேற மாதிரி செஞ்சு பாத்தியா?" "இத எப்படி ஓட்டணும், எனக்குக் காட்டு." இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது பிள்ளை தன் யோசனையைத் தானே கேட்டுக்கொள்ளும். அப்போது அடுத்த வேலை இன்னும் நன்றாக வரும்.

குறையைக் கண்டதும் பிடுங்கித் திருத்தாதீர்கள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்கு வகுப்பில் ஒப்படை கேட்டால், இரவோடிரவாக அம்மாவோ அக்காவோ செய்து கொடுத்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. கடையில் வாங்கிய பொருட்களில் பளபளவென்று வரும் அந்த வேலையில் பிள்ளையின் விரல் எங்கேயும் இருக்காது. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கோணலாக ஒட்டிய, பேனைக் குழாய் கோத்த வண்டிக்கு அதிகப் புள்ளி கொடுங்கள். அப்படிக் கொடுத்தால் பெற்றோர் தாமாகவே கையை எடுத்துவிடுவார்கள்.

பெரியவர்கள் கட்டாயம் கைவைக்க வேண்டிய இடங்களும் உண்டு. டின்னின் வெட்டு விளிம்பைச் சுத்தியலால் தட்டி மடித்துக் கொடுப்பது, டின்னில் ஆணியால் துளை போடுவது, குடைக் கம்பியின் கூர்முனையை மழுக்குவது ஆகியவை நம் வேலை. சின்னப் பிள்ளைகளிடம் பொத்தானைக் கொடுக்காமல், அட்டையில் வெட்டிய பெரிய வட்டத்தைக் கொடுங்கள். மரக்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் மருந்துப் போத்தலும் டின்னும் எத்தனை தடவை கழுவினாலும் விளையாட்டுக்கு வரவே கூடாது. பழைய பற்றரிகளுக்கும் அதே சட்டம்.

கடைசியாக, கூட்டிப் பெருக்கும்போது பிள்ளையைக் கேட்காமல் எதையும் குப்பையில் போடாதீர்கள். காம்பராவில் இடம் குறைவு என்பது உண்மைதான். ஆகவே ஒரு வாரம் இஸ்தோப்பில் எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். வாரம் முடிந்ததும் அதைச் செய்த கையையே பிரிக்கச் சொல்லுங்கள். அச்சும் சில்லும் பேனைக் குழாயும் ஒரு பெட்டிக்குள் போகட்டும். பிரித்தெடுக்கும்போது எந்தப் பொருத்து உறுதியாக நின்றது, எது தளர்ந்துபோனது என்று பக்கத்தில் இருந்து நீங்களும் பாருங்கள். அந்தப் பெட்டியிலிருந்து அடுத்து என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே ஊகிக்க உங்களால் முடிந்தால், நீங்கள் நல்ல ரசிகர் ஆகிவிட்டீர்கள்.