ஹிராத் வாளியின் எழுத்தும் உருவமும்

இஸ்லாமியக் கலையைப் பற்றி எழுதுவோர் பலர், பாத்திரங்களின் மேலுள்ள எழுத்தை 'எழிலார்ந்த அரபு எழுத்து' என்ற ஒரு தொடரோடு கடந்து விடுகின்றனர். என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. எழுத்தைப் படிக்காது செய்யும் திறனாய்வு அரைகுறையானது என்றே நாம் கருதுகிறோம்.

ரஷ்யாவின் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் ஹிராத் நகரத்து வாளியொன்று உளது. பொப்ரின்ஸ்கி பிரபுவிடம் இருந்தமையால் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஒரு சாண் உயரமும் இராது. செம்புக் கலப்பு உலோகத்தில் வார்த்து, வெள்ளியும் செம்பும் பதித்தது. கைப்பிடியில் ஹிஜ்ரி 559 முஹர்ரம் என்ற காலக்குறிப்பு உண்டு, அஃதாவது கி.பி. 1163. சுல்தான் சன்ஜர் 1157இல் மறைந்தபின் குராசான் சிதறிக் கிடந்த நாட்கள் அவை.

விளிம்பைப் படித்தால் அங்கே அரசர் எவரும் இலர். செய்யப் பணித்தவர் அப்துர் ரஹ்மான் இப்னு அப்துல்லாஹ் அர்ரஷீதி. வார்த்தவர் முஹம்மது இப்னு அப்துல் வாஹித். பதிப்பு வேலை செய்தவர் மஸ்ஊத் இப்னு அஹ்மத் அந்நக்காஷ். உடையவரோ ஸன்ஜானைச் சார்ந்த வணிகர் ரஷீதுத்தீன் அஸீஸீ. 'ஃபக்ருத் துஜ்ஜார்', 'அமீனுல் முஸ்லிமீன்', 'ஸைனுல் ஹாஜ் வல்ஹரமைன்' என்பன அவருடைய பட்டங்களுட் சில: வணிகர்க்குப் பெருமை, முஸ்லிம்களின் நம்பிக்கைக்குரியவர், ஹாஜிகளுக்கும் இரு ஹரம்களுக்கும் அணி. உலைமுன் வெந்த கைவினைஞரின் பெயரும் செல்வரின் பெயரும் ஒரே வரியில் நிற்கின்றன! எத்தனை அரண்மனைக் கட்டடங்களில் கொத்தரின் பெயரைக் காண்கிறோம்?

ஆனால், அந்த விளிம்பின் கீழே வாளியைச் சுற்றிவரும் பட்டைகளில் குதிரை வீரரும், இசைப்போரும், நர்து ஆடுவோரும், மது அருந்துவோரும் இருக்கின்றனர். ஹரம்களுக்கு அணியானவரின் வாளியில் மதுக்கிண்ணமா? இதனை மூடி மறைத்துப் புகழ்வோரும் உளர்; இதனையே காட்டி, இக்கலைக்கும் இஸ்லாத்துக்கும் உறவே இல்லை என்போரும் உளர். இரு சாராரும் பாதி வாளியையே பார்க்கின்றனர். தீனின் சட்டம் வேறு, அக்காலச் செல்வர் விரும்பிய கேளிக்கை வேறு. வாளி இரண்டையும் ஒளியாமல் சுமக்கிறது.

நமது குறை வேறொன்று. மேற்பட்டையில் உடையவருக்கு மேன்மையும் நல்வாழ்வும் வேண்டும் வாழ்த்து அரபியில் ஓடுகிறது. அங்கே அலிஃபும் லாமும் மனிதத் தலை பெற்று நிமிர்கின்றன. வியப்பான வேலைதான். ஆயினும் துஆவைப் படிக்க வந்த கண், முகங்களை எண்ணத் தொடங்கிவிடுகிறது. விளிம்பில் தம் பெயரைத் தெளிவுறப் பொறித்த மஸ்ஊத், வாழ்த்தை மட்டும் ஏன் இவ்வளவு நெருக்கினார்?