உண்மைக்கு ஊதியம்

வறட்சி வந்தால் வயல் வெடிக்கும், வயிறு காயும், கண்ணீர் பெருகும் என்றுதான் ஏடுகள் நமக்குச் சொல்லிவந்தன. வறட்சியால் வளம் கொழிப்போரும் உண்டு என்று விரல் நீட்டிக் காட்டியவர் பி. சாய்நாத். 1996-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவரது நூலின் பெயரே ஒரு குத்தல்: நல்லதொரு வறட்சி எல்லோருக்கும் பிடிக்கும் என்பது அதன் பொருள். வறட்சி நிவாரணத்தை மூன்றாம் போகம் என்கிறார், பலாமு மாவட்டத்து விவசாயி ஒருவர். விளைச்சல் உண்டு, அறுவடையும் உண்டு. அறுப்பவன் மட்டும் உழவன் அல்லன்!

ஏழ்மையைப் பற்றிய எழுத்தெல்லாம் புலம்பல் என்று ஒதுக்குவோர், இந்நூலின் இராமநாதபுரத்துப் பகுதியைப் படிக்கட்டும். பனையேறியின் பாட்டைக் கண்டு 'ஐயோ பாவம்' என்று எழுதிவிட்டு அவர் அகலவில்லை. நாளொன்றுக்கு எத்தனை மரம், எத்தனை முறை, எவ்வளவு உயரம் என்று கணக்கிடுகிறார். படித்து முடிக்கையில் நமக்கு மூச்சு வாங்குகிறது. மிளகாய் விளைவித்தவன் தரகரின் பிடியில் சிக்குவதையும், வாங்கிய கடன் விலையை விழுங்குவதையும் முடிச்சு முடிச்சாக அவிழ்த்துக் காட்டுகிறார். புதுக்கோட்டையில் மிதிவண்டி கற்ற மகளிரைப் பற்றி எழுதும்போதோ, அந்தப் பேனா துள்ளுகிறது. குறையும் இல்லாமலில்லை. நாளேட்டுக்கென அளந்து எழுதப்பட்டவை ஆதலால், பல கட்டுரைகள் "அப்புறம்?" என்று நாம் கேட்கும் இடத்திலே முடிந்துவிடுகின்றன.

இத்தகைய நூல் எப்படிப் பிறந்தது? ஆற்றலால் என்பர். ஆற்றல் மட்டுமா? 1993-ல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளேடு அவருக்கு ஓர் உதவிநல்கை அளித்தது. ஐந்து மாநிலங்களில், மிக ஏழ்மையான பத்து மாவட்டங்களை அவர் சுற்றினார். ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோமீட்டர். அதில் 5,000 கிலோமீட்டர் கால்நடை! இன்று போய் இன்றே செய்தி அனுப்பு என்று ஆசிரியர் விரட்டியிருந்தால், பனையின் உயரத்தை அளக்க அவருக்கு ஏது நேரம்?

இதை வாலாஜாபாத்தில் இருந்து படிப்பவன், பக்கத்துக் காஞ்சியின் தறியை நினைக்காதிருக்க முடியாது. கோர்வைச் சேலைக்குக் கரை சேர்க்க நெசவாளிக்குத் துணையாக இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அது பிஞ்சுக் கையாக இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிணையாக இருந்தது. இதை விசாரித்து 2003-ல் அறிக்கை வெளியிட்டது, நியூயார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட 'ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்'. தறியோசையிலே கண்விழிக்கும் உள்ளூர்ச் செய்தியாளர் அதற்கு முன்னரே எழுதியிருக்கலாமே என்பீர்கள். அவர் வயிற்றையும் கேளுங்கள். வட்டத் தலைநகர்ச் செய்தியாளர் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சேறும் செய்திக்கு இவ்வளவு, பிடித்துத் தரும் விளம்பரத்துக்கு இவ்வளவு கழிவு. விளம்பரம் தருபவரோ பட்டுக்கடைக்காரர்! தரகரை அம்பலப்படுத்த வேண்டியவரையே தரகராக்கி வைத்திருக்கிறோம்.

துணிவு மட்டும் போதும் என்பது மேடைப்பேச்சு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தது. அதன்படி முன்பணம் எப்போது குற்றமாகிறது என்று தெரியாதவர், கண்ணெதிரே நடப்பதைக் கண்டும் வழக்கம் என்றே எழுதுவார். 2005-ன் தகவல் உரிமைச் சட்டத்தில் எந்தப் பதிவேட்டை எந்த அலுவலகத்தில் கேட்பது, ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் எப்படிச் சரிபார்ப்பது, பேசிய சிறுவனின் பெயரை ஏன் மறைப்பது—இவையெல்லாம் பயின்று வரும் தொழில். பாவு போடக் கற்காதவனைத் தறியில் உட்கார வைப்பாரா?

சாய்நாத் தாம் பெற்றதைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 2014-ல் 'பாரி' என்னும் ஊரக ஆவணக் களத்தைத் தோற்றுவித்தார். ஆங்கில முதலெழுத்துகளின் சேர்க்கைதான். எனினும் முல்லைக்குத் தேர் தந்தவன் பெயராக அமைந்ததில் நமக்கொரு மகிழ்ச்சி. அங்கே செய்தியாளர்க்கு உதவிநல்கை தருகிறார்கள். கட்டுரைகள் தமிழிலும் வருகின்றன. நம் ஊரார் நெசவாளரைப் பற்றிய கட்டுரைகளிலிருந்து படிக்கத் தொடங்கலாம்.