ஒலுவில் கரையும் நமது நெய்தலும்

கடலைப் பற்றி எழுதுவோர் நம்மிடையே பலர் உளர். கடலில் உழைப்போரைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. கல்முனையிலிருந்து பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோரத்தைப் பற்றி அச்சேறும் எழுத்துக்களை நோக்கின் இவ்வுண்மை புலனாகும்.

அவற்றுள் ஒருவகை, உல்லாசப் பயணிகளுக்கான வழிகாட்டி நூல்கள். அறுகம்குடாவின் அலை, ஒலுவிலின் வெளிச்சவீடு, விடியற்கால வானம் ஆகியவற்றோடு அவை நின்றுவிடுகின்றன. மற்றொரு வகை, பிரிவையும் ஏக்கத்தையும் அலையின்மேல் ஏற்றிப் பாடும் கவிதைகள். பண்டை இலக்கண மரபிற் கூறுவதானால், முன்னவர் முதற்பொருளாகிய நிலத்தையும் பொழுதையும் எடுத்துக்கொண்டனர். பின்னவர் உரிப்பொருளாகிய இரங்கலை எடுத்துக்கொண்டனர். உணவும் தொழிலும் அடங்கிய கருப்பொருளை இருசாராரும் கைவிட்டனர். ஆசிரியராகிய நாமும் அதனை வகுப்பறையில் மனப்பாடத்துக்குரிய அட்டவணையாகவே கற்பித்து வருகிறோம்.

இது வெறும் அழகியற் குறையன்று. ஒலுவில் துறைமுகத்தையே எடுத்துக்கொள்வோம். டென்மார்க்கின் கடனுதவியுடன் 2008இல் தொடங்கிய அதன் வேலைகள் முடிவுற்று, 2013 செப்டெம்பரில் அது திறந்துவைக்கப்பட்டது. இக்கரையில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திச் செல்வன. கடலினுள் நீண்ட அலைதடுப்புச் சுவர்கள் அவ்வோட்டத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்தது. தென்னைகள் வீழ்ந்தன, தோணி ஏற்றவும் கரைவலை இழுக்கவும் இருந்த மணல்வெளி சுருங்கியது. துறைமுக வாயிலையும் மணல் அடைத்தது; படகுகள் போக்குவரவின்றி முடங்கின. வணிகத் துறைமுகமாக அது நிலைபெறவும் இல்லை.

இதனைக் கண்டு 'கடலின் சீற்றம்' என்று பாடும் கவிஞன், தன்னை அறியாமலே, பொறுப்புடையோரைத் தப்பவிடுகிறான். 2004இன் சுனாமி இயற்கையின் செயல். இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். ஆனால், 2005இல் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டத் தடை விதித்து, உல்லாச விடுதிகளுக்கு விலக்களித்தமை மனிதரின் செயல். அத்தடை பின்னர் தளர்த்தப்பட்டதெனினும், கரை யாருக்குரியது என்ற வினா தீர்ந்துவிடவில்லை. இயற்கையின் செயலையும் மனிதரின் செயலையும் பிரித்தறிவதே யதார்த்த எழுத்தின் முதற்கடமையாகும்.

இலக்கியம் என்ன பொறியியல் அறிக்கையா எனச் சிலர் வினவலாம். அன்று. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) வல்லத்துக்கும் விசைப்படகுக்கும் மூண்ட பகையை மாந்தரின் காதலோடும் குடும்பத்தோடும் பின்னிக் காட்டிற்று. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' (1988) முஸ்லிம் கிராமம் ஒன்றில் முதலாளியின் ஆதிக்கத்தை அச்சமின்றி வரைந்தது. உழைப்பவர் யார், பயன் கொள்பவர் யார் என்று வினவியதால் இந்நாவல்களின் கலை குன்றவில்லை; மாறாக, ஆழம் பெற்றது.

தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்திருப்பதும் இதே ஒலுவிலில்தான். அதன் மாணவரும் நம்போன்ற ஆசிரியரும் கடற்கரைக்குச் செல்கையில் வானத்தைப் பார்ப்பதோடு அமையாது, கரைவலைக் கயிற்றைப் பிடித்து நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: இங்கிருந்த மணல் எங்கே போயிற்று? அவர் கூறும் விடையிலிருந்து தொடங்கும் எழுத்தே நமது காலத்தின் நெய்தல் இலக்கியமாகும்.