நையாண்டி மேளமும் நமது சங்கீத ரசனையும்

நையாண்டி மேளம் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்திலேயே முகஞ்சுளிக்கும் சங்கீத ரசிகர் நம்மவருள் பலர் உளர். நையாண்டி என்றால் கேலி என்பது பொருள். பெயரிலேயே கேலியைச் சுமந்து நிற்கும் ஒரு வாத்தியக் கோஷ்டியைப்பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவதா என்று அவர்கள் கேட்கக்கூடும். எழுதத்தான் வேண்டுமென்பது நமது கருத்து. சாஸ்திரிய சங்கீதத்தையும் நாட்டுப்புறத் தாளத்தையும் ஒன்று சேர்க்கிறோம் என்று இன்று மேடையேறும் கோஷ்டிகள் தோன்றுமுன்னரே, அவ்விணைப்பைத் தமிழ்நாட்டுத் தெருக்களில் நடத்திக் காட்டியது இம்மேளமேயாகும்.

அதன் அமைப்பு எளியது. நாதசுரம் இரண்டு, தவில் இரண்டு, பம்பை, உறுமி, தமுக்கு, தாளம். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு மாறும். இவற்றுள் நாதசுரமும் தவிலும் கோயிற் பெரிய மேளத்துக்கு உரியவை. திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை தோடியை மணிக்கணக்கில் ஆலாபனை செய்ததும் இதே நாதசுரத்தில்தான். உறுமியோ அம்மன் கொடை நடக்கும் தெருவுக்கு உரியது. அதன் ஒருபுறத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் முனகலைக் கேட்டவர் மறக்கமாட்டார். இவ்விரு கூட்டமும் கூடும்போது நடப்பதென்ன? பெரிய மேளத்தில் இராகமே எசமானன். நையாண்டி மேளத்திலோ கரகாட்டக்காரரின் காலே எசமானன். கால் நின்றால் நாதசுரம் நாலு பிடி இராகம் பேசலாம். கால் எழுந்தால் இராகத்தை அப்படியே விட்டுவிட்டுத் தாளத்தோடு ஓடவேண்டும். இங்கு ஒருவரும் விருந்தாளியல்லர்.

கச்சேரி மேடையில் நாட்டிசைக்குக் கிடைக்கும் இடம் வேறு. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தை வித்துவான்கள் பாடுகிறார்கள், மறுக்கவில்லை. எப்போது பாடுகிறார்கள்? பிரதான இராகமும் தனி ஆவர்த்தனமும் முடிந்து, சபையோர் செருப்பைத் தேடத் தொடங்கும் வேளையில்! அதற்குத் 'துக்கடா' என்று பெயரும் இட்டிருக்கிறார்கள்.

உலகப் புகழ்பெற்ற 'சக்தி' கோஷ்டியை இதற்கு விடையாகச் சிலர் காட்டுவார்கள். 1970களில் ஆங்கிலேய கிதார்க்காரரான ஜான் மெக்லாஃப்ளின், வயலின் எல். சங்கர், தபலா சாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோர் கூடி வாசித்தது அது. 2024ல் கிராமி பரிசும் அதற்குக் கிடைத்தது. அவர்களுடைய ஆற்றலை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அங்கே கூடியவை ஜாஸும் இரண்டு சாஸ்திரங்களும்; தெரு அங்கே வரவில்லை. பிற்காலத்தில் செல்வகணேஷின் கஞ்சிரா அதிற் சேர்ந்தது உண்மை. எனினும் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அக்கஞ்சிராவை முன்னரே கச்சேரிக் கருவியாக்கி வைத்திருந்தார்.

கஞ்சிரா ஏறிய படியில் உறுமி ஏன் ஏறவில்லை? நாதம் போதாதா? கணக்குப் போதாதா? அடிப்பவன் எந்தத் தெருவான் என்று பார்த்ததன்றி வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை. தோல் தீட்டு என்பார்க்கு ஒன்று கேட்போம்: மிருதங்கத்தின் தோல் எந்த மரத்திற் காய்த்தது? மாட்டுத் தோலையும் ஆட்டுத் தோலையும் பதப்படுத்தி அக்கருவியைச் செய்து தரும் ஒடுக்கப்பட்ட குடும்பங்களைப்பற்றி டி. எம். கிருஷ்ணா 2020ல் ஒரு நூலே எழுதியிருக்கிறார். சபைகளில் அமர்வோர் அவசியம் படிக்கவேண்டும்.

இனி நமது பினாங்குக்கு வருவோம். பூசத்துக்கு முதல்நாள், 1894ல் வந்த வெள்ளி இரதம் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து நாதசுரம் தவில் முழங்கத் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. மறுநாள் காவடிகளின் முன்னே உறுமிக் கோஷ்டிகள். சாலை ஒன்றே; ஆனால் நாதசுரக்காரரும் உறுமிக்காரரும் ஒருவர் வாசிப்பை ஒருவர் நின்று கேட்பதில்லை. முன்னவருட் பலர் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஒப்பந்தத்தில் வருபவர். தவணை முடிந்தால் ஊர் திரும்புவர். பின்னவர் நம் பிள்ளைகள். செக்ரோல் எழுதும் நம்போன்ற கிராணிமார் அவர்களை நன்கறிவோம். பகலில் குலை வெட்டியவன் மாலையில் செம்பனங்காட்டோரம் உறுமி பழகுகிறான். தோட்டம் கலைந்து பட்டணத்து அடுக்குவீட்டுக்குப் போனவனும் கருவியைக் கைவிடவில்லை. ஆசிரியரின்றிக் காதாலேயே கற்ற வித்தை அது.

அதற்காக அவர்கள் வாசிப்பதையெல்லாம் புகழ நாம் தயாராயில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகம். ஒலிபெருக்கியின் உரப்பில் பம்பையின் சொல் தெளிவதில்லை. நாதசுரம் இல்லாக் குறையைச் சினிமா மெட்டுக்கொண்டு நிரப்புகிறார்கள். நையாண்டி மேளத்தின் ஒரு பாதி கப்பலேறி வந்தும், மறு பாதி கோயிலுக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஆகவே கோயில் நிர்வாகத்தாரையும் நகரத்துச் சபையாரையும் ஒன்று கேட்கிறோம். ஒப்பந்தத்தில் வந்திருக்கும் நாதசுரக்காரர் ஒருவரையும் தோட்டத்து உறுமிக் கோஷ்டி ஒன்றையும் ஆறு மாதம், வாரத்துக்கு ஒரு மாலையேனும் கூடிப் பழகச் செய்யுங்கள். அவர் செஞ்சுருட்டியைச் சொல்லிக் கொடுக்கட்டும். இவர்கள் கால் எழும் இடத்தைக் காட்டிக் கொடுக்கட்டும். பிறகு மேடையில், துக்கடா வேளையிலன்றி முதல் உருப்படியாக, இரு சாராரையும் ஒரே சமுக்காளத்தில் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரே அளவான சன்மானமும் கொடுங்கள்.