மேற்கோள் எண்ணும் ஆய்வின் தகுதியும்

ஓர் ஆய்வாளரின் எழுத்துகளைப் பிறர் எத்துணை முறை எடுத்தாண்டனர் என்று எண்ணி, அவ்வெண்ணைக் கொண்டே அவர்தம் தகுதியை அளக்கும் வழக்கம் இன்று பல்கலைக்கழகங்களில் வேரூன்றியுள்ளது. இவ்வளவுகோல் எத்துணை ஏற்புடைத்து என்பதை உளவியலறிஞர் ஹான்ஸ் ஐசெங்க் அவர்களின் பணியைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

1916இல் பெர்லினில் பிறந்து, இளமையிலேயே நாடு நீங்கி, இலண்டன் உளமருத்துவ நிறுவனத்தில் பேராசிரியராய் விளங்கியவர் ஐசெங்க். 1997இல் அவர் மறைந்த காலத்து, வாழ்ந்த உளவியலாருள் ஆய்விதழ்களில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பெற்றவர் அவரே. இதில் ஐயமில்லை. அம்மேற்கோள்கள் எத்தகையன என்பதே வினா.

1952இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்றை முதற்கண் நோக்குவோம். 24 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய அவர், எளிய உளநோயுற்றாருள் ஏறத்தாழ மூன்றில் இரு பகுதியினர், உளச் சிகிச்சை பெறினும் பெறாவிடினும், இரண்டாண்டளவில் நலமெய்துகின்றனர் என்றார். சிகிச்சையின் பயன் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது அவர் முடிபு. இதனை மறுக்கவே பலர் எடுத்தாண்டனர். 1977இல் சுமித், கிளாசு ஆகிய இருவரும் ஏறத்தாழ 375 ஆய்வுகளை ஒருங்கு கணித்து, சிகிச்சை பயனுடையதே என நிறுவினர். ஐசெங்க் முடிபு நிலைபெறவில்லை. எனினும் அவர் எழுப்பிய வினா, சான்று தேடும் நெறியைத் துறைக்கு அளித்தது.

இனி, மற்றொரு தொகுதியைக் காண்போம். குரோசார்த்-மாட்டிசெக் என்பாருடன் சேர்ந்து, மனவியல்பே புற்றுநோய்க்கும் நெஞ்சகநோய்க்கும் பெருங்காரணம் என அவர் எழுதினார். 1992இலேயே பெலோசி, ஆப்பிள்பி ஆகிய இருவரும் இம்முடிபுகளின் நம்பகத்தன்மையை வினவினர். ஆயினும் கட்டுரைகள் திருத்தமின்றி நூலகங்களில் நின்றன. 2019இலேயே இலண்டன் கிங்சு கல்லூரியின் ஆய்வுக்குழு, 25க்குக் குறையாத கட்டுரைகள் நம்பத்தகாதன என முடிவுசெய்தது; 2020இல் 14 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. நோயுற்றார் உயிரோடு தொடர்புடைய செய்தியில் இத்துணைக் காலத் தாழ்வு சிறு பிழையன்று.

மேற்கூறிய இருவகை எழுத்துகளையும் மேற்கோள் எண் ஒரே நிரலில் வைத்துக் கூட்டுகின்றது. நன்னூலார் எழுவகை மதங்களுள் உடன்படலையும் மறுத்தலையும் வேறு வேறாக வைத்தார். நம் உரையாசிரியரும் பிறர் கருத்தைக் கொள்ளுதற்கும் தள்ளுதற்குமாக எடுத்துக்காட்டினர். எவ்வுரையாசிரியர் எத்துணை முறை சுட்டப்பெற்றார் என்று மட்டும் எண்ணுவார், அவ்வுரைகளைக் கற்றவராகார். எண்ணுக்கு இவ்வேறுபாடு தெரியாது.

எனவே, எடுத்தாளப்பெற்ற எண் ஓர் எழுத்து பரவிய அளவைக் காட்டுமேயன்றி அதன் மெய்ம்மையைக் காட்டாது என்பது யாம் கொள்ளும் முடிபு. ஐசெங்க் பணி முழுவதையும் ஒதுக்குதல் முறையன்று. முழுவதையும் எண்ணால் போற்றுதலும் முறையன்று. ஒவ்வொரு கட்டுரையையும் அதன் சான்று கொண்டு ஆராய்தலே கடன். நம் துறை ஆய்வேடுகளையும் எண்ணி மதிப்பிடத் தொடங்கியிருக்கும் இந்நாளில், ஓர் ஆய்வேட்டை முற்றப் படித்தபின் மதிப்பிடும் கடமையை இளம் ஆய்வாளர் கைவிடாதிருத்தல் வேண்டும்.